ஊரில் இல்லாத பெயர்

குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பிறந்த மூன்றாம் நாளே ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பால் காய்ச்சவும் துணி அலசவும் போய்விடுகிறவர்கள் முதல் ரகம். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கிறவர்களைப் பற்றி யார் என்ன எழுதிவிட முடியும்? நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகம். தன் மகளின் பெயர் உலகத்தில் வேறு ஒருத்திக்கும் இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிற தகப்பன்மார்.

இவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் ஓடிவந்து, "பொண்ணு பொறந்திருக்கு, மூணு கிலோ" என்று சொன்னால், எல்லாரும் கேட்பதுபோல "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்காமல், "இந்த வாரம் இங்க பொறந்த பொண்ணுங்களுக்கு எல்லாம் என்ன பேர் வெச்சாங்க?" என்று கேட்பவர் இவர்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்க்க மாட்டார், மணப்பெண்ணின் பெயரைப் பார்ப்பார். பூங்காவில் யாராவது ஒரு தாய் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கையிலிருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி ஒரு கோடு அடிப்பார். ஒரு தெருவைச் சுற்றி வந்தால் ஐந்து பெயர் போய்விடும். அதனாலேயே அவர் பல தெருக்களுக்குப் போவதில்லை.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டை அச்சடித்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறார். அதனால் அட்டைக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். சொந்தப் பெயர் அவருக்கும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளியில் அவர் வகுப்பிலேயே அந்தப் பெயரில் நாலு பையன்கள். ஆசிரியர் ஒருவனை நெட்டை என்றார், ஒருவனைக் கண்ணாடி என்றார், ஒருவன் தலைமையாசிரியர் மகன் என்பதால் அவனை மட்டும் பெயர் சொல்லியே கூப்பிட்டார். நம்மவரிடம் உயரமும் இல்லை, கண்ணாடியும் இல்லை, அப்படிப்பட்ட அப்பாவும் இல்லை. ஆகவே அவர் "இன்னொருத்தன்" ஆனார். "இன்னொருத்தன் வந்திருக்கானா?" என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கேட்பார் ஆசிரியர். இவர் எழுந்து நின்று, "வந்திருக்கேன் சார்" என்பார். பத்து வருஷம் இப்படியே நின்றார் மனுஷன். நாம் சிரிக்கலாம், அவருக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

போதாததற்குப் பிழைப்பும் அப்படி அமைந்துவிட்டது. ஒவ்வொரு கல்வியாண்டும் மூவாயிரம் பெயர்களைத் தட்டச்சு செய்து, மூவாயிரம் முகங்களை வெட்டி ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக வைத்து அழுத்தி, கழுத்தில் மாட்டும் நாடா கோத்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரே பெயரில் ஆறு சிறுமிகள். அதில் இரண்டு பேரின் படத்தை மாற்றி ஒட்டிவிட்டார். தப்பு தெரிந்து வியர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கு ஓடினால், அட்டை கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒருத்தியின் முகத்தை இன்னொருத்தி ஆறு மாதம் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். ஆசிரியை கவனிக்கவில்லை, வாட்ச்மேன் கவனிக்கவில்லை, பெற்றவர்களே கவனிக்கவில்லை. "அதான் பேர் சரியா இருக்கே சார்" என்றாராம் வாட்ச்மேன். அன்றைக்கு முடிவு செய்தார் அட்டைக்காரர், தனக்குப் பெண் பிறந்தால் அவள் 'இன்னொருத்தி' ஆகக் கூடாது என்று.

பெண் பிறந்தாள். வேட்டை தொடங்கியது.

குழந்தைப் பெயர்களுக்கென்றே இருக்கிற இணையதளங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றை நம்பினால் இந்த உலகத்தில் எந்தப் பெண்பெயருக்கும் அழகு, அறிவு, ஒளி, வெற்றி என்ற நாலு அர்த்தங்களைத் தவிர ஐந்தாவது கிடையாது. கடைசியில் அட்டைக்காரர் ஒரு தளத்தில் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தின் அடியில், யாரும் துடைக்காத மூலையில் கிடந்த ஒரு பெயரைக் கண்டெடுத்தார். அர்த்தம்: கூட்டத்தில் தனித்துத் தெரிபவள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தளம் அதே பெயருக்கு 'நீரில் வளரும் ஒருவகைப் பாசி' என்று அர்த்தம் போட்டிருந்தது. அந்தத் தளத்தை நம்புவதற்கில்லை என்று உடனே முடிவு செய்துவிட்டார்.

பெயர் கிடைத்தது அல்லவா, வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் உங்களுக்கு இந்த ரகத்தைப் பற்றித் தெரியவில்லை. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு சின்ன வரி இருக்கும்: 'இந்த வாரம் இந்தப் பெயரைத் தேடியவர்கள்.' முதல் நாள் பூஜ்யம் இருந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று. யார் அந்த ஒருவர்? உங்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் போய் யார் சொல்வது?

மத்தியானம் கடைக் கணினியில் பார்த்தார்: இரண்டு. சாயங்காலம் மனைவியின் போனில் பார்த்தார்: மூன்று. சரி, ஏதோ மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும், கொஞ்சம் அடங்கட்டும், அடங்கியதும் பதிவு செய்துவிடலாம் என்று நினைத்தார். அடங்கிவிட்டதா என்று தெரிய வேண்டுமே, அதற்காக மறுநாள் ஆறு தடவை பார்த்தார். அடங்கவில்லை. ஒன்பது ஆகியிருந்தது. அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம், கடையின் இரண்டாவது கணினியும் கைக்கு வந்ததும், எழுபது. "நாட்ல ஏதோ நடக்குது" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். எண் ஏற ஏற இவர் பார்ப்பதும் ஏறியது, இவர் பார்க்கப் பார்க்க எண்ணும் ஏறியது. நேராகத் தான் கண்டெடுத்த பெயரின் பக்கத்துக்குள் நுழைந்து, எண்ணைப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாரே தவிர, அந்தத் தளத்தின் முகப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ரகசியம் வேறு. பெயரை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் திருடிவிடுவார்களாம். முதல் சந்தேகம் சகலையின் மேல். மனைவியின் அக்கா கணவர், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் அப்போது பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சகல, பாப்பாவுக்குப் பேர் வெச்சாச்சா?" என்று கேட்டார் அந்த அப்பாவி.

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க. உங்க வீட்ல என்ன பேர் பார்த்திருக்கீங்க?"

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? பக்கத்து வீட்டுப் பாப்பா பேர் நல்லாருக்கு. பொண்ணா இருந்தா அதையே வெச்சுடலாம்னு இருக்கோம்."

பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை வாங்கலாம், ஏணி வாங்கலாம். பெயரை வாங்குவார்களா? இப்படிப்பட்ட மனிதர் எதற்கும் துணிவார் என்று அட்டைக்காரர் அன்றிலிருந்து சகலை வந்தால் போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் குழந்தை என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. பெயர் இல்லாத பிள்ளையை ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டுமே என்று மனைவி "தங்கம், தங்கம்" என்று கூப்பிட்டார். சகலையும் அப்படியே கூப்பிட்டார், பால் போடுகிறவரும் அப்படியே கூப்பிட்டார். நம்மவர் மட்டும் கூப்பிடவில்லை. செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டுவிடும், அசல் பெயரின் மதிப்புக் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் காதருகே குனிந்து, அந்த ரகசியப் பெயரை மெதுவாகச் சொல்வார். அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கும். மறுபடி சொல்வார். அது பொத்தானை வாயில் வைக்கும். அந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற குழந்தை, பெற்ற அப்பன் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

மனைவிக்கு உறுத்தியது வேறு. அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர். ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவதுதான் வேலை. பிரசவத்துக்காக எடுத்த விடுப்பை இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. இனி முடியாது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளையைக் காப்பகத்தில் விட வேண்டும். காப்பகத்திலோ, பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். இவர்கள் வீட்டுச் சான்றிதழில் பெயர் என்ற இடத்தில் பதினோரு மாதமாக வெறும் கோடுதான் இருக்கிறது.

"என்னங்க, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னிக்கு எழுதலன்னா என் வேலை போயிடும்" என்றார் மனைவி.

"இந்த வாரம் நூத்தி நாப்பது பேர் தேடியிருக்காங்க. இந்த நேரத்துல போய் வெச்சா..."

"பல்வலின்னு வந்து உக்காந்திருக்கறவங்க யாரும் அவங்க பேருக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுட்டு இருக்கறதில்ல. கூப்பிட்டா எந்திரிச்சு வர்றாங்க. கூப்பிட்டா திரும்பணும், அதுதான் பேரு. கிளம்புங்க."

கிளம்பினார்கள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் எண் முப்பத்தொன்று. நீளமான இரும்பு பெஞ்சுகள், மேலே கிறீச்சிடும் மின்விசிறி, தெருவைப் பார்த்த வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் தள்ளிவிட்டுப் போகும் ஒரு கண்ணாடிக் கதவு. மனைவி கவுன்டரில் விண்ணப்பப் படிவம் வாங்கப் போனார். குழந்தை அப்பாவின் பொறுப்பு. அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கடைசியாக ஒரு தடவை எண்ணைப் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தார்.

நிமிர்ந்தபோது மடி காலியாக இருந்தது. குழந்தை பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து, செருப்புகளையெல்லாம் தாண்டி, கண்ணாடிக் கதவை நோக்கி அதிவேகமாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே ஒருவர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முகம் மறைந்த நிலையில், முதுகால் கதவைத் தள்ளத் தயாராக இருந்தார். அட்டைக்காரருக்குக் கால் ஓடவில்லை. வாய்தான் ஓடியது. பதினோரு மாதம் பொத்திப் பொத்தி வைத்த பெயரைக் கூடமே அதிரக் கத்தினார்.

குழந்தை திரும்பவில்லை. இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி திரும்பினார். தூணோரம் நின்ற இன்னொரு பெண்ணும் திரும்பினார். இரண்டு பேர் தோளிலும் குழந்தை.

"எங்க பாப்பாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெஞ்சுக்காரர்.

அதற்குள் கவுன்டரிலிருந்து மனைவியின் குரல், பல் மருத்துவமனையில் பழகிய அந்தக் குரல், கூடத்தின் மேல் போய் விழுந்தது: "தங்கம்!" கதவுக்கு ஒரு முழம் இருக்கும்போது குழந்தை சட்டென்று நின்று, உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கதவு திறந்தது. பெட்டிக்காரர் குழந்தைக்குப் பக்கத்தில் கால் வைத்து உள்ளே வந்தார், எதையும் பார்க்காமல்.

மனைவி ஓடிப்போய் அள்ளிக்கொண்டார்.

பெஞ்சுக்காரர் விடவில்லை. "நீங்களும் நெட்ல பார்த்தீங்களா? 'வேகமா ஏறிட்டு வர்ற பேர்கள்'னு முதல் பக்கத்துல முதல் பேரா போட்டிருக்காங்களே. போன வருஷம் வரைக்கும் யாருமே சீண்டலயாம். திடீர்னு யாரோ ராப்பகலா தேட ஆரம்பிச்சிருக்காங்க."

அட்டைக்காரர் மெதுவாகப் போனைச் சட்டைப் பையில் போட்டார். காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் மூன்று என்று தன் விரலே ஊர்முழுக்கத் தண்டோரா போட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும்.

"முப்பத்தொண்ணு!" என்று கூப்பிட்டார் கவுன்டரில் இருந்த அம்மாள். "பேர் என்ன?"

நம்மவர் தலையைக் குனிந்துகொண்டு, பழக்கதோஷத்தில், அந்தப் பெயரையே முணுமுணுத்தார். "அதுவா? இந்த மாசம் இது பதினேழாவது" என்றபடி அம்மாள் தட்டச்சு செய்யக் கை வைத்தார்.

"இருங்கம்மா" என்றார் மனைவி. குழந்தையைக் கவுன்டர் மேல் உட்காரவைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, புருஷனைப் பார்த்தார். "நீங்க கூப்பிடுங்க."

"எதைச் சொல்லி?"

"எதைச் சொன்னா திரும்புமோ அதைச் சொல்லி."

அட்டைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பின்னால் முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொள்கையாவது ஒன்றாவது. "தங்கம்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

குழந்தை உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தது. இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் கூப்பிட்டு அவர் மகள் திரும்பியிருக்கிறாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று கிலோ என்று நர்ஸ் வந்து சொன்னபோது வந்திருக்க வேண்டிய அழுகை அது; மனுஷன் பட்டியலில் மும்முரமாக இருந்துவிட்டதால் இவ்வளவு தாமதமாகிவிட்டது.

"தங்கம்னே எழுதுங்க" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆயிரம் பேருக்கு இருக்கட்டும். பரவாயில்ல."

அம்மாள் தட்டச்சு செய்தார். திரையை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "ஆயிரமா? இந்த வருஷம் இந்தப் பேர்ல ஒரு பதிவுகூட இல்லையே சார். போன வருஷமும் இல்ல. எல்லாரும் வாய் நிறையக் கூப்பிடறாங்க, எழுதச் சொன்னா வேற என்னத்தையோ எழுதறாங்க. உங்களது ஒண்ணுதான்."

அட்டைக்காரரின் அழுகை நின்றது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. இடமும் வலமும் பார்த்தார். முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டார். கவுன்டர் ஓட்டைக்குள் முகத்தை நுழைத்து, "மேடம், இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதே அவர் கை சட்டைப் பைக்குள் போனது. இந்தப் பெயரை இந்த வாரம் எத்தனை பேர் தேடியிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு தடவை... மனைவி போனைப் பிடுங்கிக் குழந்தையின் துணிப்பைக்குள், ஈரத்துணிகளுக்கு அடியில் திணித்தார். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போய்விட்டார். தங்கம் காப்பகத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஆயாக்கள் எல்லாக் குழந்தைகளையும் "தங்கம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதும், கூப்பிடும்போதெல்லாம் பதினைந்து குழந்தைகள் ஒன்றாகத் திரும்புகின்றன என்பதும் இன்னும் நம்மவருக்குத் தெரியாது. தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். ஆனாலும் சந்தேகத்துக்குச் சின்னதாக ஒரு சோதனை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மரியாதைக்காக, "பாப்பா பேர் என்ன?" என்று கேட்கிறார். நீங்கள் பெயரைச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறீர்களா? இல்லை, அவர் கேட்காமலேயே அதன் அர்த்தத்தையும், அது எந்தப் பழைய நூலில் வருகிறது என்பதையும், இந்தப் பெயர் இங்கே வேறு யாருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறீர்களா?

போன வாரம் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டாரே, கவனிக்கவில்லையா?